பல்லாவரத்துக் கல்லும் பாவலர் சொல்லும்



தமிழ்க் கவிதையில் கல் பட்ட பாடு பெரிது. இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்றனர். சொல்லியும் உணராதவனைக் கல்லோடு ஒப்பிட்டனர். அதிர்ச்சியுற்றவள் கல்லாய்ச் சமைந்தாள் என்றனர். உணர்வின்மைக்கும் பேசாமைக்கும் மாறாமைக்கும் கல்லே உவமையாயிற்று. வழக்கில் ஊறிவிட்ட இவ்வுவமைகளைக் குற்றம் கூறுவதற்கில்லை. ஆயினும் கல் பேசாதது, மாறாதது என்னும் இரண்டும் மெய்தானா என்ற வினா பாவலர் அவையில் எழுப்பத் தக்கதே ஆகும். அவ்வினாவுக்குரிய விடை பிள்ளைப்பாக்கத்திற்குக் கிழக்கே, பேருந்துப் பயண எல்லைக்குள், பல்லாவரம் பரங்கிமலைக் குன்றுகளில் கிடக்கிறது.

கல்லறை தந்த பெயர்

கல்கத்தா நகரின் தோற்றத்தோடு நெடுங்காலம் பெயர் இணைத்துப் பேசப்பட்டவர் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கில வணிக அதிகாரி. 2003ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவரை அந்நகரின் நிறுவனர் எனக் கொள்ளலாகாது என்று கூறிவிட்டது. அவர் 1693இல் மறைந்தார். புனித யோவான் திருச்சபை வளாகத்தில் அவருடைய கல்லறை இன்றும் உள்ளது. வங்கம் ஆற்று வண்டலால் ஆன நிலம். எனவே எழுத்துப் பொறிப்பதற்கேற்ற கல் சென்னைப் பகுதியிலிருந்து சென்றது.

அக்கல்லறைக் கல்லை நிலவியலாரின் கண்கொண்டு நோக்கியவர் தாமஸ் ஹென்றி ஹாலண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் இளம் அலுவலராயிருந்த அவர், பின்னாளில் அத்துறையின் இயக்குநராக விளங்கியவர். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் கருங்கல்லும் அக்கல்லறைக் கல்லும் ஒரே இனத்தவை என்பதை 1893இல் எடுத்துரைத்து, அக்கல்லினத்திற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் அவ்வினம் முழுவதையும் பற்றி விரிவான நூலும் வெளியிட்டார். இன்று நார்வேயிலோ மடகாஸ்கரிலோ அண்டார்க்டிகாவிலோ இவ்வினப் பாறை காணப்பட்டால், உலக நிலவியலார் வழங்கும் பெயர் இதுவே. மூலக்கல்லின் இடம் எதுவென்றால் பல்லாவரம் எனலாம். பரங்கிமலையிலுள்ள சார்னோக்கைட் பாறையை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது.

கல் தந்தது தமிழ்நிலம். பெயர் பெற்றவர் வேற்று நாட்டவர். இதனை எண்ணி வருந்துவோர் உளர். ஆயினும் கொத்தரும் தச்சரும் அக்கல்லைத் தலைமுறை தலைமுறையாகக் கருங்கல் என்றே அழைத்து வந்துள்ளனர். அப்பெயர் அழியவில்லை. அக்கல் எங்கிருந்து வந்தது, எத்தகைய வாழ்வு வாழ்ந்தது என்னும் செய்திதான் தமிழில் பரவலாகச் சொல்லப்படாமல் நின்றுவிட்டது. பெயரை இழந்ததைவிட இதுவே பெரிய இழப்பு.

மாறிய கல்

பாறைகளை நிலவியலார் மூவகைப்படுத்துவர். உருகிய குழம்பு இறுகியது அனற்பாறை. மணலும் சேறும் படிந்து இறுகியது படிவுப்பாறை. இவ்விரண்டில் எதுவாயினும் நிலத்துள் ஆழப் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும், முழுதும் உருகாமலேயே, தன் கனிமங்களை மாற்றிக்கொண்டால் அது உருமாறிய பாறை எனப்படும். அம்மாற்றம் உச்சநிலையை அடைந்த பாறைகளைக் கிரானுலைட் நிலைப் பாறைகள் என்பர். பல்லாவரத்துச் சார்னோக்கைட் அந்நிலையைச் சார்ந்தது.

கல் உருகாமல் எவ்வாறு மாறும் என்று ஐயுறுவோர்க்குப் பிள்ளைப்பாக்கம், ஒரகடம் வட்டாரத்திலேயே சான்று உண்டு. வண்டி உறுப்புகள் செய்யும் பட்டறைகளில் ஹீட் ட்ரீட்மென்ட் என்று தொழிலாளர் வழங்கும் வெப்பப் பதப்படுத்தல் நடைபெறுகிறது. எஃகுத் துண்டு 800, 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செந்நிறமாய்க் கனன்று நிற்கும், உருகாது. ஆயினும் அதன் உள்ளமைப்பு முற்றிலும் மாறிவிடும். எண்ணெயில் அமிழ்த்திக் குளிரச் செய்தால் ஓர் அமைப்பு. உலையிலேயே மெல்ல ஆறவிட்டால் வேறோர் அமைப்பு. தர ஆய்வாளர் அத்துண்டை அறுத்து மெருகிட்டு உருப்பெருக்கியின்கீழ் வைப்பார். அது சரியாகச் சூடேறியதா, எவ்வாறு ஆறியது என்பதை அத்துண்டே அவருக்குக் கூறிவிடும். உலையருகே நின்று பார்த்திருக்க வேண்டுவதில்லை.

நிலவியலார் செய்வதும் இதனையே. பாறையை 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள செதிலாகத் தேய்த்து ஒளி ஊடுருவச் செய்து நோக்குவர். பல்லாவரக் கல்லில் நீலம் பாய்ந்த குவார்ட்ஸ், எண்ணெய்ப் பசை போன்ற மினுக்குடைய ஃபெல்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் இருக்கும். இந்த ஹைப்பர்ஸ்தீனே முதற்சாட்சி. கரிய அப்பிரகமும் ஹார்ன்பிளெண்டும் தம் படிக அமைப்பினுள் நீரைப் பிணைத்து வைத்திருப்பவை. ஏறத்தாழ 700 பாகையைக் கடந்த வெப்பத்தில் அவை அந்நீரைப் பிடித்திருக்க இயலாமல் சிதையும். நீர் வெளியேறும், அல்லது சிறிதளவு உருகும் குழம்போடு கலந்து அகலும். எஞ்சியவற்றிலிருந்து ஹைப்பர்ஸ்தீன் பிறக்கும். உலையில் கனலும் எஃகின் வெப்பத்தைப் பல்லாவரக் குன்றும் ஒரு காலத்தில் அறிந்திருந்தது என்பதே இதன் பொருள்.

ஆழத்தின் கணக்கு

வெப்பம் அறிந்தாயிற்று, ஆழம் அறிவது எவ்வாறு? இங்கே துணைபுரிவது கார்னெட். நவமணிகளுள் எண்ணப்படும் கோமேதகம் இக்குடும்பத்தைச் சார்ந்ததே. கார்னெட் அடர்த்தி மிக்க கனிமம். அழுத்தம் கூடினால், இடம் மிகுதியாகப் பிடிக்கும் கனிமங்கள் சிதைந்து, குறைந்த இடத்தில் அடங்கும் கார்னெட்டைத் தோற்றுவிக்கும். அழுத்தம் குறைந்தால் அதே வினை திரும்பி நடக்கும். மேலும், அடுத்தடுத்து அமர்ந்த கார்னெட்டும் அப்பிரகமும், அன்றிக் கார்னெட்டும் பைராக்சீனும், இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும். அப்பங்கீட்டின் விகிதம் வெப்பத்திற்கேற்ப மாறும். 1978இல் ஃபெர்ரி, ஸ்பியர் என்னும் இருவர் கார்னெட்டுக்கும் கரிய அப்பிரகத்துக்கும் இடையிலான இப்பங்கீட்டை ஆய்வுக்கூடத்தில் அளந்து வெப்பமானியாக்கினர். அன்று முதல் இவ்வழி விரிவடைந்துகொண்டே வந்துள்ளது.

தென்னிந்தியச் சார்னோக்கைட் பகுதிகளில் இவ்வாறு கணித்த அழுத்தங்கள் இடத்திற்கேற்ப வேறுபடும். அவற்றுள் 7 கிலோபார் என்னும் அளவை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். அது வளியழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 7000 மடங்கு. அவ்வழுத்தம் தர 25 கிலோமீட்டர் அளவுக்குப் பாறை மேலே அமர்ந்திருக்க வேண்டும். பிள்ளைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் செல்லும் சாலையைச் சுருட்டி எடுத்து நிலத்துள் செங்குத்தாக இறக்கினால் எவ்வளவு ஆழம் செல்லுமோ, ஏறத்தாழ அவ்வளவு. மனிதர் துளையிட்ட மிக ஆழமான கிணறு உருசியாவின் கோலா தீபகற்பத்தில் உள்ளது. 1970இல் தொடங்கி 1989இல் 12,262 மீட்டரை எட்டி, அடியில் 180 பாகை வெப்பம் தடுக்கவே நின்றுவிட்டது. அக்கிணற்றைப்போல் இருமடங்கு ஆழத்திலிருந்து வந்த கல், பல்லாவரத்தில் வீட்டுக்கு அடித்தளமாகக் கிடக்கிறது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்றல் முறையன்று. கல்லின் நினைவிலும் மறதி உண்டு. வெப்பம் மிகுந்தபோது இரும்பும் மக்னீசியமும் கார்னெட்டுக்குள் எளிதில் இடம்பெயரும். எனவே இளமைக்கால வளர்ச்சியின் தடங்கள் பெரும்பாலும் அழிந்துபோகும். பாறை ஆறத் தொடங்கிய பின்னும் அப்பங்கீடு சிறிது காலம் நடந்துகொண்டேயிருக்கும். எனவே வெப்பமானி காட்டும் அளவு உச்ச வெப்பத்தினும் குறைவாக இருத்தல் கூடும். ஆகவே ஒரு கனிமத்தின் சொல்லை மட்டும் நம்பாமல் பல கனிமங்களை ஒருங்கே வைத்து நோக்குவர். சுவடிப் பதிப்பில் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் காணும் முறை தமிழாசிரியர்க்குப் புதிதன்று. இதுவும் அத்தகையதே.

மேலெழுந்த பயணமும் எழுதப்பட்டிருக்கும். அழுத்தம் தளர்ந்தபோது கார்னெட்டின் விளிம்பு சிதைந்து, பைராக்சீனும் ஃபெல்ஸ்பாரும் புழு நெளிந்தாற்போல் பின்னிய ஒரு வளையம் கார்னெட்டைச் சுற்றித் தோன்றும். வெப்பம் நீங்குமுன் அழுத்தம் நீங்கிற்று என்பதை அவ்வளையம் உணர்த்தும்.

காலத்தின் கணக்கு

ஆழம் கூறும் கனிமம் ஒன்று. காலம் கூறும் கனிமம் மற்றொன்று. கண்ணுக்குப் புலப்படாத சிறு மணியாகிய சிர்கான், பிறக்கும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை ஏலாது. எனவே அதனுள் பிற்காலத்தில் காணப்படும் ஈயம் யுரேனியம் சிதைந்து விளைந்ததே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். யுரேனியம்-235க்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகள். இரு கடிகாரங்கள் ஒரே மணிக்குள் ஓடுவதால் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கலாம். சிர்கானின் நடுப்பகுதி ஒரு காலத்தையும், பின்னர் வெப்பத்தில் அதன்மேல் வளர்ந்த ஓரம் வேறு காலத்தையும் காட்டுதலும் உண்டு. இவ்வகை ஆய்வுகள் சென்னைப் பகுதிச் சார்னோக்கைட்டின் காலத்தை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் வைக்கின்றன. புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். அதில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தை இக்கல் கண்டிருக்கிறது.

இக்கல்லைப் பற்றி அறிஞரிடையே வழக்காடல் ஓயவில்லை. ஹாலண்டு இதனை அனற்பாறை என்றே கொண்டார். 1959இல் ஏ. பி. சுப்பிரமணியம் சென்னைப் பகுதிச் சார்னோக்கைட்டுகளை மறு ஆய்வு செய்து புதிய விளக்கம் தந்தார். 1960இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் வெளிர்நிற நைஸ் பாறை திட்டுத்திட்டாகக் கருத்துச் சார்னோக்கைட்டாக மாறி நிற்பதை உலகுக்குக் காட்டினார். 1970களில் ழாக் தூரே நார்வேயின் கிரானுலைட் பாறைகளில், குவார்ட்ஸ் மணிகளுக்குள் அகப்பட்ட நுண்குமிழிகளில் நீருக்குப் பதிலாக அடர்ந்த கரியமிலவாயு இருப்பதை ஆராய்ந்தார். தென்னிந்தியப் பாறைகளிலும் அத்தகைய குமிழிகள் கிடைத்தன. நீரை வெளியேற்றியது கரியமிலவாயுவா, உருகிய குழம்பா, இரண்டுமா என்பது இடத்துக்கு இடம் ஆராயப்பட வேண்டிய பொருளாயிற்று.

நீர் நீங்கியதால் நின்ற நினைவு

இவ்வரலாற்றில் பாவலர் உள்ளம் கொள்ளத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. 25 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த கனிமங்கள் மேற்பரப்பின் குளிருக்கும் குறைந்த அழுத்தத்திற்கும் உரியவை அல்ல. மேலே வரும் வழியில் அவை பழைய வடிவுக்கே திரும்பியிருக்க வேண்டும். ஏன் திரும்பவில்லை? அவ்வாறு திரும்ப நீர் வேண்டும். அந்நீரோ ஆழத்திலேயே வெளியேறிவிட்டது. நீர் மீண்டும் புகுந்த வெடிப்போரங்களில் மட்டும் ஹைப்பர்ஸ்தீன் சிதைந்து ஹார்ன்பிளெண்டாகவும் அப்பிரகமாகவும் மீள்வதைக் காணலாம்; ஏனைய இடங்களில் பழைய நிலை அப்படியே உறைந்து நிற்கிறது. எதனை இழந்ததோ அவ்விழப்பே அக்கல்லின் நினைவைக் காத்தது. கல் மாறாதது என்பது பிழை. மாறியது, மாறிய நிலையை மறவாமல் காத்தது என்பதே மெய். இழந்தோர் நினைவுக்கு இதனினும் பொருந்திய உவமை வேறு வேண்டுவதில்லை.

பொதியிலும் இமயமும்

சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில், கண்ணகிக்குப் படிமம் சமைக்கக் கல் எங்கிருந்து கொள்வது என்னும் ஆய்வு நிகழ்கிறது. பொதியில் மலையிற் கல் கொண்டால் காவிரியில் நீர்ப்படை செய்யலாம். இமயத்திற் கொண்டால் கங்கையில் செய்யலாம். பொதியில் கல் தன் குடியின் வீரத்திற்கு ஏற்றதன்று எனக் கருதிய செங்குட்டுவன் இமயத்தை நாடினான். இமயம் எழுந்த கதை, இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதிய ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. பொதியிலைச் சூழ்ந்த தென்மலைப் பாறைகளோ ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே ஆழத்தின் உலையில் பதப்பட்டு நின்றவை. இலங்கையின் மலைநாட்டுப் பாறைகளும் ஏறத்தாழ அக்காலத்து உலையைக் கண்டவையே. வீரத்திற்கு இமயம் சிறந்ததாகலாம். பட்டறிவுக்குப் பொதியிலே மூத்தது. காப்பியம் இதனால் குறைவுபடாது. மன்னன் வடதிசை செல்லக் காரணம் வேண்டியிருந்தது, கல் அக்காரணமாயிற்று.

புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் மறக்குடியின் தொன்மையைப் புகழும்போது, கல் முன்னும் மண் பின்னுமாக வைத்துப் பேசுவது யாவரும் அறிந்தது. பாறை சிதைந்தே மண் ஆகிறது என்பதால் அவ்வரிசை பொருத்தமுடையதே. ஆயினும் மண்ணும் மீண்டும் கல்லாகும். பரங்கிமலைப் பகுதியில் சார்னோக்கைட்டோடு காணப்படும் கோண்டலைட் என்னும் பாறை, களிமண் படிவம் ஆழத்தில் புதைந்து உருமாறியது. ஒடிசாவின் கோந்த் பழங்குடியினர் பெயரால் 1902இல் பெயரிடப்பட்டது அது. ஆகவே கல்லுக்கு முன்னும் மண் இருந்தது; அம்மண்ணுக்கு முன்னும் ஒரு கல் இருந்தது. அவ்வெண்பா புகழ்ச்சி அணி. அதனை வரலாற்றுச் சான்றாக மேடையில் முழங்குதல், கவிதைக்கும் நீதியன்று, கல்லுக்கும் நீதியன்று.

காலடியில் கிழிந்த ஏடு

பிள்ளைப்பாக்கத்தில் கிணறு தோண்டுவோர் உடனே கருங்கல்லைக் காண்பர் எனக் கூறவியலாது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மண்ணுக்குக் கீழே மென்மையான களிப்பாறைப் படிவங்கள் உண்டு. நிலவியலார் அவற்றுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்னும் பெயரையே சூட்டியுள்ளனர். தாவர இலைகளின் பதிவுகள் கொண்ட அப்படிவங்கள் ஏறத்தாழ 12, 13 கோடி ஆண்டுகள் பழமையானவை. அவை தொன்மையான படிகப் பாறைத் தளத்தின்மேல் அமர்ந்துள்ளன. இதிலிருந்து பெறப்படுவது ஒன்று: அவ்விலைகள் உதிர்ந்த காலத்திற்கு முன்னரே, 25 கிலோமீட்டர் பாறைச் சுமை தேய்ந்து நீங்கி, ஆழத்துக் கல் வெயிலையும் மழையையும் கண்டுவிட்டது. இரண்டுக்கும் இடையே இருநூறு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகள் எழுதப்படாமல் கிடக்கின்றன. நடுவே ஏடுகள் கிழிந்துபோன சுவடி போன்றது பிள்ளைப்பாக்கத்து நிலம்.

ஜல்லியாகும் சாட்சி

தொல்காப்பியம் நடுகல்லுக்குரிய நிலைகளைக் கூறுமிடத்து முதலில் வைப்பது காட்சி. அதாவது தக்க கல்லைக் கண்டறிதல். சிற்ப நூலார் கல்லைத் தட்டி, எழும் ஓசை கொண்டு ஆண், பெண், அலி என வகுத்தனர். மகேந்திரவர்மப் பல்லவன் பல்லாவரத்துக் குன்றைக் குடைந்தான். அக்குடைவரை இன்று தர்காவாக வழிபடப்படுகிறது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அதே பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். கல்லைக் காணுதல் அந்நிலத்தில் நெடிய மரபு.

இன்று அக்குன்றுகள் பல இடங்களில் குழிகளாகிவிட்டன. திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் வெடித்தெடுத்த கல், ஜல்லியாகிச் சாலையாகவும் சுவராகவும் நிற்கிறது. தொழிற்பூங்காக்களின் தளங்களும் கருங்கல் ஜல்லியின்றி எழுவதில்லை. கல் வேண்டாம் என்று கூற எவர்க்கும் உரிமையில்லை. அக்கல்லை உடைத்தவரின் உழைப்பையும் மறத்தல் ஆகாது. குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குழிகளில் தேங்கிய நீரே 2017, 2019 வறட்சிகளில் சென்னையின் தாகத்துக்கு ஓரளவு உதவிற்று. ஆயினும் 25 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஏறி வந்து இருநூறு கோடி ஆண்டுகளாக நின்ற சாட்சி, ஒரு வாக்குமூலமும் தமிழில் பதிவாகாமலேயே சில பத்தாண்டுகளில் நொறுங்குவது, மொழியைத் தொழிலாகக் கொண்டவர்க்குப் பொறுக்கத்தக்கதன்று. நினைவுச்சின்னப் பலகை ஒரு பாறையைக் காக்கலாம். ஒரு குன்றின் பொருளைக் காக்க அம்மொழியின் சொற்கள் வேண்டும்.

இலக்கிய வட்டம் தன் அடுத்த பத்தாண்டில் இதற்கெனச் செய்யத்தக்க பணி பெரிதன்று. செய்தால் பயன் பெரிது. கல்குவாரித் தொழிலாளரும் கல்தச்சரும் கல்லின் வகைக்கும் நிறத்துக்கும் வெடிப்புக்கும் ஓட்டத்துக்கும் வழங்கும் சொற்களை, அவர்கள் உளியை வைத்துவிடுமுன் தொகுத்தல் வேண்டும். நிலவியல் கற்றோரை அழைத்து அச்சொற்களின் பொருளைக் கேட்டறிதல் வேண்டும். பிள்ளைப்பாக்கத்துப் பட்டறையில் எஃகின் நிறம் கண்டு வெப்பம் சொல்லும் தொழிலாளி, இப்பொருளில் எந்தப் பாவலர்க்கும் ஆசிரியராகத் தக்கவர்.

கல்நெஞ்சு என்னும் சொல்லைக் கவிஞர்கள் கைவிட வேண்டுவதில்லை. அச்சொல்லை எழுதும்போது, உலையில் நின்று, நீர் இழந்து, உருகாமல் மாறி, வந்த வழி முழுவதையும் தன்னுள் எழுதி வைத்திருக்கும் நெஞ்சு அது என்பதை அறிந்து எழுதினால் போதும். அவ்வாறு எழுதும் கவிதைகள் இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரில் இடம்பெறுக.